கடுதாசிக் கம்பியும் பரண் பத்திரிகையும்: ஓர் ஊரின் அன்றாடத்தைத் தேடும் வழி

ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் கல்வெட்டில் தொடங்கி, ஒரு பாளையக்காரரைத் தொட்டு, உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு வந்து, பள்ளிக்கூடக் கட்டடத்தைத் திறந்துவைத்த அமைச்சரின் பெயரோடு முடித்துவிடுகிறார்கள். புத்தகம் வந்ததும் ஊர்க்காரர்கள் ஆசையாகப் புரட்டிப் பார்ப்பார்கள். தாத்தா எந்தக் கடையில் பற்று வைத்திருந்தார், ஆத்தா கோடையில் எந்தக் கிணற்றுக்குக் குடத்தோடு போனாள், திருநெல்வேலிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்காது. இந்த அத்தியாயம் அந்தச் சங்கதிகளைத் தேடுகிறவர்களுக்கானது.

அவற்றுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் சாட்சிகள் பழைய பத்திரிகையும் பழைய கடிதமும். தனித்தனியே வைத்துப் பார்த்தால் இரண்டுமே முழுதாக நம்பத்தக்கவை அல்ல. பத்திரிகையில் தேதி சரியாக இருக்கும், விஷயம் மேலோட்டமாக இருக்கும். கடிதத்தில் விஷயம் நிறைந்திருக்கும், தேதியே இருக்காது. ஒரே வாரத்தைப் பற்றி இரண்டும் பேசுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: எட்டயபுரம். கரிசல் மண், பருத்தியும் கம்பும், ஒரு ஜமீன் அரண்மனை, தறிச் சத்தம். ரயில் கிடையாது, கோவில்பட்டியில் இறங்கித்தான் போக வேண்டும். பாரதி பிறந்த ஊர் என்பதால் பெயர் அச்சில் அதிகம் அடிபட்டது. அதுவே ஒரு தொல்லை. ஏன் என்று பின்னால் வருகிறது.

ஊர்ப் பெயரும் ஜில்லாவும்

தேடத் தொடங்கும் முன் உங்கள் ஊரின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எட்டயபுரம், எட்டயாபுரம், எட்டையபுரம், எட்டைபுரம் எல்லாம் ஒரே ஊர்தான். அடுத்து, அந்த ஆண்டில் ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்று பாருங்கள். எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டம். அந்த மாவட்டம் 1986-ல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய செய்தியெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவின் கீழே கிடக்கும். காரைக்குடிக்காரர் 1985-க்கு முன் என்றால் ராமநாதபுரத்தில் தேட வேண்டும். நாமக்கல்லுக்கு 1997 வரை சேலம். நாகர்கோவில் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம், புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். இது தெரியாமல் ஒரு மாதம் மைக்ரோபிலிம் சுருளை ஓட்டிவிட்டு, எங்கள் ஊரைப் பற்றி எதுவுமே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு.

பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

எந்தப் பத்திரிகை என்பது காலத்தைப் பொறுத்தது. சுதேசமித்திரன் 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899-ல் நாளேடானது. தினமணி 1934-ல் வந்தது. தினத்தந்தி 1942-ல் மதுரையில் தொடங்கியது. சிற்றூர்ச் சண்டை சச்சரவு, விபத்து, கோர்ட்டு விவகாரம் எல்லாம் அச்சேறியது அதற்குப் பிறகுதான் அதிகம். ஈரோட்டிலிருந்து 1925 முதல் வந்த குடி அரசையும் விடாதீர்கள். அதன் கொள்கையில் உங்களுக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியல்ல. சுயமரியாதைத் திருமணச் செய்திகளில் ஊர், வந்தவர், பேசியவர் எல்லாம் விவரமாக இருக்கும். சிறுபட்டணத்துக் கல்யாணம் ஒன்றை இவ்வளவு விவரமாக எழுதிவைத்த வேறு இதழ்கள் குறைவு. அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய தமிழன் இதழுக்கு வெளியூர் வாசகர்கள் எழுதிய கடிதங்களில், மற்ற பத்திரிகைகள் கண்டுகொள்ளாத தெருக்களின் குறைகள் பதிவாகியிருக்கின்றன.

இவை கிடைக்கும் இடம்: சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம், அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், புதுக்கோட்டையில் ஞானாலயா. ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூர் வீட்டில் தனி ஆளாகச் சேர்த்தவற்றில் நோட்டீசும் அழைப்பிதழும்கூட உண்டு. ஊர்ச் சரித்திரத்துக்கு அவை தலையங்கத்தைவிடப் பெரிய சொத்து. கணினியிலேயே பார்க்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கத்து ஊர் என்றால் முதலில் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்புக்குப் போங்கள்.

இதழ் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தை ஒதுக்குங்கள். அதில் காந்தியும் சர்ச்சிலும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உள்ளே போனால் மார்க்கெட் நிலவரம், ஏல அறிவிப்பு, கோர்ட் நோட்டீஸ், ரயில் நேர மாற்றம், காணவில்லை விளம்பரம், ஆசிரியருக்குக் கடிதம். அங்கேதான் ஊர் இருக்கிறது. விருதுநகர் மார்க்கெட்டில் வத்தல், மல்லி விலை ஆண்டு முழுவதும் எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். சம்சாரி எந்த மாதம் நகை வைத்தான், எந்த மாதம் கல்யாணம் பேசினான் என்பதற்கான காரணம் அந்த நோட்டில் தெரியத் தொடங்கும். ஆசிரியர் கடிதங்களில் தெருவிளக்கும் குடிதண்ணீரும் பஸ் நேரமும் திரும்பத் திரும்ப வரும். ஒரே கிணற்றைப் பற்றி நாலு வருஷம் இடைவெளியில் இரண்டு கடிதம் கண்டால், நடுவில் எதுவும் நடக்கவில்லை என்பதே செய்தி.

ஊர்ச் செய்தி எழுதிய நிருபர் யார் என்றும் விசாரியுங்கள். பல ஊரில் பத்திரிகை ஏஜெண்டோ பள்ளி ஆசிரியரோதான் பகுதிநேர நிருபர். தாசில்தாரோடு தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர். “திரளான மக்கள் கலந்துகொண்டனர்” என்று அவர் எழுதினால் அது கூட்டத்தின் அளவல்ல, மரியாதையின் அளவு.

இனி எட்டயபுரத் தொல்லை. கல்கி தம் பத்திரிகை வழியே நிதி திரட்ட, 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்ட, பாரதி மணிமண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதைப் பற்றி அச்சில் கிடைப்பது ஏராளம். கிடைப்பதில் பெரும்பகுதி பேச்சும் புகழுரையும். ரயிலே இல்லாத ஊரில் வந்து குவிந்த கூட்டம் எதில் வந்தது? எங்கே தூங்கியது? கரிசல் பூமியில் அத்தனை பேருக்கும் தண்ணீர் யார் இறைத்தது? விழா முடிந்த மறுநாள் எச்சில் இலையை யார் அள்ளியது? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதே மாதத்தில் அந்த ஊரிலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ எழுதப்பட்ட கடிதங்களைத் தேடுவதுதான் முறை. பெரிய விழா நடந்த ஊருக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. விழாவின் வெளிச்சத்தில் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் மறைந்துபோகும்.

கடிதக் கட்டைப் பிரிக்கும் முன்

பழைய வீடுகளில் கடிதங்கள் இருக்கும் இடம் டிரங்குப் பெட்டி, பரண், கணக்குப் பெட்டி. அதைவிட முக்கியமானது விட்டத்திலோ சுவர் ஆணியிலோ தொங்கும் கம்பி. வந்த கடிதத்தைப் படித்ததும் அதில் குத்தி மாட்டிவிடுவார்கள். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தேதியே போடாத கடிதத்துக்கும் அந்த வரிசை ஒரு தேதியைக் கொடுத்துவிடும். ஆகவே எடுத்த எடுப்பில் கம்பியிலிருந்து உருவாதீர்கள். முதலில் படம் எடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி பென்சிலால் ஓர் ஓரத்தில் எண் போடுங்கள். பேனா கூடாது.

கார்டும் கவரும் மட்டும் கடிதம் என்று நினைக்காதீர்கள். பழைய மணியார்டர் பாரத்தின் அடியில் இரண்டு வரி எழுதிக்கொள்ள ஒரு துண்டு இருந்தது. பணம் வாங்கியவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்வார். 1880-ல் தொடங்கிய இந்த மணியார்டர்தான் கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் பிழைக்கப் போனவர்களின் மாதாந்தரக் குரல். இடம் குறைவானதால் தேவையானது மட்டும்தான் அதில் இருக்கும்: இவ்வளவு வட்டிக்கு, இவ்வளவு அரிசிக்கு, மீதி தம்பி படிப்புக்கு. ஒரு குடும்பத்தின் வரவு செலவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் தாள் கிடையாது.

எழுதிய கை யாருடையது என்றும் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் தபால்காரரோ வாத்தியாரோ ஐந்தாவது படிக்கும் பேரனோ எழுதிக் கொடுப்பார்கள். ஒரே தெருவைச் சேர்ந்த நாலு வீட்டுக் கடிதங்களில் ஒரே கையெழுத்து இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் கையெழுத்துக்காரர் யார் என்று கண்டுபிடித்தால் ஊரின் முக்கியமான ஆள் ஒருவரைப் பிடித்துவிட்டீர்கள். “இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும்” என்ற வரியை அப்படியே நம்பக் கூடாது. வீட்டில் ஆள் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அந்த வரி முதலில் வரும். “நிற்க” என்பதற்குப் பிறகுதான் சேதி. அதிலும் என் கணிப்பில் அதிக உண்மை இருப்பது, இடம் போதாமல் ஓரத்தில் சாய்வாக நெருக்கி எழுதிய வரியில். எழுதி முடித்த பிறகு அடுக்களையிலிருந்து ஒரு குரல் “அதையும் எழுதுப்பா” என்று சொல்லியிருக்கும். மாடு சினை, மூத்தவள் வயிற்றுவலி, கொடுத்தனுப்பிய பாத்திரம் வரவில்லை என்பது போன்ற விஷயமெல்லாம் அங்கேதான்.

தேதியைப் பிடிக்கும் வித்தை

பழைய கடிதத்தின் தலையில் “தாது௵ தை௴ ௧௨௳” என்பதுபோல இருக்கும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. பன்னிரண்டை ௧௨ என்றும் எழுதுவார்கள், பழைய கணக்குப்பிள்ளை வழக்கில் ௰௨ என்றும் எழுதுவார்கள். இந்த ஐந்தாறு குறிகளையும் பத்து எண்களையும் ஒரு சாயங்காலத்தில் பழகிவிடலாம்.

அறுபது வருஷச் சுழற்சியில் தாது 1876, 1936, 1996 என மூன்று முறை வந்திருக்கிறது. எது என்று தபால்தலை சொல்லும். விக்டோரியா ராணி தலை என்றால் பெரும் பஞ்சம் வந்த அந்தத் தாது. ஐந்தாம் ஜார்ஜ் தலை என்றால் 1936. அவர் அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டாலும் ஆறாம் ஜார்ஜ் தலை இந்தியாவில் வந்தது 1937-ல்தான். பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. ஆகவே தாது வருஷத்துத் தை மாதம் 1936 அல்ல, 1937 ஜனவரி. தை, மாசி, பங்குனிக் கடிதங்களை ஒரு வருஷம் முன்னால் தள்ளி வைத்துக் குழம்பிய கட்டுரைகள் நிறைய.

திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டும் புழங்கியது. ஆவணி வாக்கில் தொடங்கும் அந்த ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். வரி ரசீதில் வருவது பசலி. ஜூலையில் தொடங்கும், கூட்ட வேண்டியது 590 அல்லது 591. தேதியே இல்லையென்றால் காகிதத்தைப் பாருங்கள். இன்லாண்டு லெட்டர் என்றால் 1950-க்குப் பிறகு. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. நயா பைசா என்று எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் நடுவில் எழுதியிருக்கலாம். பேச்சுவழக்கில் அந்தச் சொல் மேலும் சில காலம் நீடித்ததையும் நினைவில் வையுங்கள். பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்களை வைத்து மட்டும் 1978-க்கு முன் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அரசாணை வந்தாலும் தாத்தாவின் கை மாறவில்லை.

தபால் முத்திரை இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. அனுப்பிய ஊர், வந்து சேர்ந்த ஊர், இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று கணக்குப் போடலாம். மழைக்காலத்தில் அந்த இடைவெளி கூடுகிறதா என்று பார்த்தால் ஊருக்குப் போகும் சாலையின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

1942 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. சென்னையில் பீதி கிளம்பி, குடும்பம் குடும்பமாகச் சொந்த ஊருக்கு ரயிலேறினார்கள். யுத்தகாலத் தணிக்கை இருந்ததாலும் காகிதத் தட்டுப்பாட்டில் பக்கங்கள் சுருங்கியதாலும் பத்திரிகையில் இதன் முழு உருவம் தெரியாது. உங்கள் ஊர்க் கடிதங்களில் அந்தச் சித்திரை, வைகாசியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். எந்த வீட்டில் யார் வந்து இறங்கினார்கள், வாடகை ஏறியதா, பட்டணத்துப் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தார்களா, அரிசி போதவில்லை என்று யார் முணுமுணுத்தார்கள் என்று பாருங்கள். அதே சமயம் மார்க்கெட் நிலவரத்தில் விலையைப் பாருங்கள். முணுமுணுப்புக்கும் விலைக்கும் பொருத்தம் இருந்தால் அது சரித்திரம். இல்லையென்றால் அது மாமியார் மருமகள் விவகாரமாக இருக்கலாம். அதுவும் குறித்து வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, மௌனம். மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மாதம் தவறாமல் கடிதம் வந்த வீட்டுக் கட்டில் 1942 தொடக்கத்திலிருந்து 1945 கடைசி வரை ஒன்றும் இருக்காது. யாரும் எழுத மறக்கவில்லை; அந்த நாடுகள் ஜப்பான் பிடியில் இருந்தன. செட்டிநாட்டு வீடுகளில் இந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். அந்த மூன்றரை வருஷம் வீட்டை எப்படி ஓட்டினார்கள் என்பதை அடகுச் சீட்டிலும் உள்ளூர்க் கடன் பத்திரத்திலும் தேட வேண்டும்.

விலையைக் குறிக்கும்போது அளவையும் சேர்த்துக் குறியுங்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்பது எல்லா ஊருக்கும் பொது. படியும் மரக்காலும் கோட்டையும் அப்படியல்ல, ஊருக்கு ஊர் மாறும். “கம்பு படி ஒன்றரை அணா” என்று மதுரைப் பக்கத்துக் கடிதமும் திருநெல்வேலிப் பக்கத்துக் கடிதமும் சொன்னால் இரண்டும் ஒரே விலை என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளூர்ப் படியின் கொள்ளளவை வயதானவர்களிடம் கேளுங்கள். யார் வீட்டிலாவது முத்திரை குத்திய படி ஒன்று நிச்சயம் இருக்கும்.

எது மிஞ்சவில்லை

கிடைத்ததை வைத்து எழுதும்போது, கிடைக்காதது ஏன் கிடைக்கவில்லை என்று கேட்காமல் எழுதினால் புத்தகம் ஒரு பக்கமாகச் சாயும். கருமாதிக் கடிதத்தை வீட்டில் வைக்க மாட்டார்கள். படித்ததும் கிழித்துப் போடுவதே வழக்கம். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையோ பத்திரமாக இருக்கும். கட்டை மட்டும் படித்தால் அந்த வீட்டில் யாரும் சாகவே இல்லை, எல்லோருக்கும் கல்யாணம்தான் நடந்தது என்று தோன்றும். சாவுக்குப் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் நினைவஞ்சலி விளம்பரத்தையும் பாருங்கள்.

மச்சு வீட்டில்தான் பரண் உண்டு, பெட்டி உண்டு. கூரை வீட்டில் கடிதம் வந்திருந்தாலும் இரண்டு மழையில் போயிருக்கும். சேரியின் குரல் அதிகமும் மனுக்களில்தான் மிஞ்சியிருக்கிறது: பட்டா கேட்டு, பாதை கேட்டு, தண்ணீர் கேட்டு. அவற்றை ஆவணக் காப்பகத்தின் வருவாய்த் துறைக் கோப்புகளில் தேடலாம். பெண்களின் கடிதம் குறைவு. இருந்தாலும் “வீட்டில்” என்று மட்டும் கையெழுத்திட்டிருக்கும். ஆகவே அறிமுகத்திலேயே, இந்தப் புத்தகம் எந்தெந்தத் தெருவின் காகிதங்களை வைத்து எழுதப்பட்டது என்று வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். ஊர் முழுவதின் கதை என்று அட்டையில் போட்டுவிட்டு மூன்று தெருவை எழுதுவது நியாயமல்ல.

கையாளும் முறை

செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் அதிகம். அதனால்தான் பழுத்து நொறுங்குகிறது. கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கம் போகவே போகாதீர்கள். குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுத்துவிட்டு, மடிப்பை மெதுவாக விரித்து, தட்டையாக அடுக்கி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியில் போடும் பழைய வழக்கம் இன்றும் போதுமானது. படம் எடுக்க ஜன்னல் வெளிச்சம்தான் நல்லது, பிளாஷ் வேண்டாம். உறையின் இரு பக்கத்தையும் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக வையுங்கள். கணினி தானே அடுக்கிக்கொள்ளும்.

கடிதம் கொடுத்த வீட்டாரிடம் அனுமதி வாங்குவதில் ஒரு நுணுக்கம். காகிதம் பெற்றவருடையது, அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். இரு தரப்பையும் கேளுங்கள். கடன், நோய், சொத்துத் தகராறு, ஓடிப்போன கல்யாணம் எல்லாம் வரும். பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் செய்தியின் மதிப்பு குறைந்துவிடாது. “கீழத்தெரு நெசவாளி ஒருவர்” என்று எழுதினால் போதும். வாங்கிய கட்டை வாங்கிய வரிசையிலேயே திருப்பிக் கொடுங்கள். அடுத்த வீடு உங்களுக்குக் கதவைத் திறக்குமா என்பது அதைப் பொறுத்தது.

நூலகத்துப் பத்திரிகை இன்னும் பத்து வருஷம் கழித்தும் இருக்கும். பரணில் இருக்கும் கடிதத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வீடு இடிக்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், போகிக்கு முதல் நாளும்தான் அது போகிறது. ஆகவே வேலையைக் கடிதத்தில் தொடங்குங்கள். வருகிற மார்கழிக்குள் உங்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி, பழைய காகிதங்களைக் கொளுத்த வேண்டாம், ஒரு முறை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வையுங்கள்.